பேசும் பொம்மைப் படம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணமேல்குடியைக் கடந்து தெற்கு நோக்கிச் செல்பவர்க்கு இடப்புறத்தே பாக் நீரிணை விரிந்து கிடக்கும். அக்கரையோரத்தில் கோட்டைப்பட்டினத்தை அடுத்து அமைந்த மீனவர் ஊர் ஜெகதாப்பட்டினம். விசைப்படகுகள் வரிசை வரிசையாக நிற்க, பனிக்கட்டி உடைக்கும் ஓசையும், மீனை ஏலம் கூறுவோர் குரலும், வலை செப்பனிடுவோர் பேச்சும் கலந்து ஒலிக்கும் துறை அது. ஆயினும், ஆண்டில் ஒரு பருவத்தில் அத்துறை அடங்கிவிடும். மீன்கள் இனம் பெருக்கும் காலமாதலால் ஏப்ரல் 15ஆம் நாள் முதல் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது என்று அரசு தடை விதித்துள்ளது. முன்னர் 45 நாளாக இருந்த அத்தடை 2017ஆம் ஆண்டு முதல் 61 நாளாயிற்று. படகு கரையில், தந்தை வீட்டில், பள்ளிக்கும் கோடை விடுமுறை. மணல் சுடுகின்ற நண்பகலில் சிறுவர் வீட்டினுள் ஒதுங்குவர். அவ்வேளையில் தெருவழியே நடப்பவர் காதில் வீட்டுக்கு வீடு ஒரே சிரிப்பொலி, ஒரே பாட்டு, ஒரே கீச்சுக்குரல் விழும். முதியோர் அதனைப் பொம்மைப் படம் என்பர். சிறுவர் கார்ட்டூன் என்பர்.

அத்தகைய ஒரு கோடைப் பருவத்தில்தான், 2007ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, சன் தொலைக்காட்சிக் குழுமம் சிறுவர்க்கென்றே தமிழில் ஓர் அலைவரிசையைத் தொடங்கியது. அதற்குச் சுட்டி என்று பெயரிட்டனர். துடிப்பும் குறும்பும் மிக்க குழந்தையைச் சுட்டி என்று அழைப்பது தமிழர் வழக்கு. குழந்தையின் நெற்றியில் தொங்கும் சிறு அணிகலனுக்கும் அதுவே பெயர். பெயரளவில் பார்த்தாலும் அது நல்ல தமிழ்ப் பெயரே. தமிழ் நிகழ்ச்சிகளுக்கு ஆங்கிலப் பெயர் சூட்டுவது பெருகிவரும் இக்காலத்தில் அதனைக் குறித்துச் சொல்லத்தான் வேண்டும். பின்னர் அதே குழுமம் தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் இத்தகைய அலைவரிசைகளைத் தொடங்கியது.

தமிழ்க் குழந்தை தொலைக்காட்சிப் பெட்டியில் தன் மொழியைக் கேட்பதற்கு நெடுநாள் காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தியாவில் தொலைக்காட்சி 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தில்லியில் தொடங்கியது. சென்னை நிலையம் தோன்றியதோ 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள். அந்நிலையத்தின் அலை தலைநகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் கடந்து பாக் நீரிணைக் கரையை எட்டவில்லை. ஆனால் கடலுக்கு அப்பாலிருந்து வேறோர் அலை வந்தது. இலங்கையின் ரூபவாகினி நிலையம் 1982ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் ஒளிபரப்பைத் தொடங்கியபின், தமிழகத்தின் தென்கரை ஊர்களில் வசதியுடையோர் நீண்ட இரும்புக் குழாய்களின் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டித் தென்கிழக்கு நோக்கித் திருப்பி வைத்தனர். நடுவே மலையோ காடோ இன்றிக் கடல் சமமாகக் கிடந்தது அலைக்கு உதவிற்று. காற்றடித்தால் படம் கலையும். ஒருவர் மாடியேறிக் குழாயைத் திருப்ப, மற்றொருவர் வாயிலில் நின்று தெரிகிறது, தெரியவில்லை என்று கூவுவார். இக்கரைச் சிறுவர் கண்ட முதற்காட்சிகள் பலவும் அவ்வாறு பிறமொழியில் வந்தவையே.

அவ்விலங்கை நிலையத்தில் நிகழ்ந்த ஒரு முயற்சி ஈண்டு நினைக்கத்தக்கது. டைட்டஸ் தொட்டவத்த என்பவர் சிங்களத் திரைப்படத்துறையில் படத்தொகுப்பாளராகவும் இயக்குநராகவும் விளங்கியவர். அவர் ரூபவாகினியில் அமர்ந்து, வேற்றுநாட்டுப் பொம்மைப் படங்களுக்குச் சிங்களக் குரல் அளிக்கும் பணியை மேற்கொண்டார். விலங்குகளோடு பேசும் டாக்டர் டூலிட்டிலின் கதைத் தொடருக்கு அவர் இட்ட பெயர் ‘தொஸ்தர ஹொந்த ஹித’ என்பது. நல்லுள்ளம் படைத்த மருத்துவர் என்பது அதன் கருத்து. அமெரிக்க முயலாகிய பக்ஸ் பன்னியும் அவர் கையில் சிங்கள ஊர்ப்புறத்து முயலாக மாறி, அம்மக்களின் வழக்குமொழியில் நகையாடிற்று. அவர் 2011ஆம் ஆண்டு மறைந்தபோது, அவர் குரல் கொடுத்து வளர்த்த குழந்தைகள் பெற்றோராகி இருந்தனர். படம் எந்நாட்டில் தீட்டப்பட்டதாயினும், அதன் நாவை மாற்றிவிட்டால் அது குழந்தையின் சொந்தமாகும் என்பதை நீரிணைக்கு அக்கரையில் ஒருவர் செய்து காட்டியிருந்தார்.

இந்தியாவிலும் குழந்தைகளுக்கான படங்கள் அறவே இல்லாமலில்லை. 1956ஆம் ஆண்டு கிளேர் வீக்ஸ் என்னும் டிஸ்னி நிறுவன ஓவியர் பம்பாய்க்கு வந்து, மத்திய அரசின் திரைப்படப் பிரிவில் இளைஞர் சிலருக்கு இக்கலையைப் பயிற்றினார். அப்பயிற்சியின் விளைவாக மறு ஆண்டு உருவான படம் புத்தரின் முற்பிறப்புக் கதைகளுள் ஒன்றாகிய ஆலமர மானின் கதை. 1974ஆம் ஆண்டு விஜயா முலே இயக்க, பீம்சேன் உயிரூட்டிய சிறு படம் ஒன்று, வலையோடு ஒன்றாய்ப் பறந்த பறவைகளின் கதையைக் கொண்டு ஒற்றுமையை விளக்கியது. தூர்தர்ஷனில் அதனைக் கண்டு வளர்ந்தோர் பலர். 1993ஆம் ஆண்டு ஞாயிறுதோறும் ஒளிபரப்பான காட்டுச் சிறுவன் மௌக்லியின் கதையும் நாடெங்கும் புகழ் பெற்றது. ஆனால் அவை இந்தியில் பேசின. 1995ஆம் ஆண்டு கார்ட்டூன் நெட்வொர்க் அலைவரிசை இந்தியாவுக்கு வந்தது. அது ஆங்கிலத்தில் பேசியது. தமிழ்ச் சிறுவர் அதில் பெரிதும் விரும்பியது பூனை டாமும் எலி ஜெர்ரியும் ஓடிப் பிடிக்கும் விளையாட்டை. 1940ஆம் ஆண்டு பிறந்த அவ்விரண்டும் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. மொழி தெரியாக் குழந்தைக்கு ஊமைப் பூனையே உற்ற நண்பனாயிற்று. 2004ஆம் ஆண்டின் இறுதியில் வந்த டிஸ்னி அலைவரிசை ஒரே படத்தோடு தமிழ் ஒலியையும் சேர்த்து அனுப்பியது. அதனையடுத்து இரண்டாண்டுக்கு மேல் கழித்தே சுட்டி வந்தது.

பொம்மை எவ்வாறு ஓடுகிறது என்று வியவாத சிறுவர் இல்லை. பொம்மை ஓடுவதில்லை; கண்தான் ஏமாறுகிறது. சற்றே வேறுபட்ட படங்களை அடுத்தடுத்து விரைந்து காட்டினால் மனம் அவற்றை இணைத்து ஓர் அசைவாகக் கொள்கிறது. திரைப்படத்தில் நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. விளம்பரம் நீங்கலாக 22 நிமிடம் ஓடும் ஒரு கதைக்கு 31,680 படங்கள் வேண்டும். ஒவ்வொன்றையும் கையால் தீட்டினால் ஓவியர் வாழ்நாள் போதாது. ஆதலால் ஒரு படத்தை இருமுறை காட்டிப் பாதியாகக் குறைப்பர். அதனினும் சிக்கனமான வழியைக் கையாண்டவர்களுள் ஒருவர் ஜப்பான் நாட்டு ஒசாமு தெசுகா. 1963ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் வாரத்தொடராகத் தொடங்கிய அவருடைய இயந்திரச் சிறுவன் கதையில் உடல் அசையாதிருக்க வாய் மட்டும் அசையும். ஓடுபவன் கால்கள் ஒரே சுழற்சியில் மீண்டும் மீண்டும் வரும். பின்னணிக் காட்சி மட்டும் நகரும். செல்வம் குறைந்த நிலையில் பிறந்த அந்தச் சிக்கனமே பின்னர் ஒரு பாணியாகி உலகெங்கும் பரவியது. இன்று கணிப்பொறி அவ்வுழைப்பில் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது. எனினும், ஒரு தொடரைப் புதிதாய் ஆக்குவதற்குப் பெரும்பொருள் வேண்டும். ஆக்கிய தொடரின் உரிமையைப் பெற்றுக் குரல் மட்டும் மாற்றுவதற்கு அதில் சிறுபகுதியே போதும். தமிழ்ச் சிறுவர் காணும் பொம்மைப் படங்களில் மிகப்பல அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தீட்டப்பட்டவையாய் இருப்பதற்குக் காரணம் இதுவே.

அங்ஙனமாயின், தமிழ்நாட்டில் செய்யப்படுவது யாது? குரல் கொடுத்தலே. அதனை எளிய செயல் என்று எண்ணுவோர் ஒருநாள் அதனைச் செய்து பார்க்க வேண்டும்.

உரையாடல் எழுதுவோர் முதலில் படத்தை ஓடவிட்டு, பாத்திரத்தின் வாய் எப்பொழுது திறக்கிறது, எப்பொழுது மூடுகிறது என்று குறித்துக்கொள்வர். இரண்டு நொடி வாய் அசைந்தால் தமிழ்த் தொடரும் இரண்டு நொடியில் முடிதல் வேண்டும். ஆங்கிலத்தில் ஓரசையில் முடியும் சொல்லுக்குத் தமிழில் நான்கசை வந்துவிடும்; அதனைச் சுருக்கவேண்டும். அன்றியும், உதடு மூடும் இடத்தில் உதடு மூடும் எழுத்தே வரவேண்டும். பகரமும் மகரமும் இரண்டு உதடும் பொருந்துவதால் பிறக்கும் என்றும், வகரம் மேற்பல்லும் கீழுதடும் இயைவதால் பிறக்கும் என்றும் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துரைத்தார். அந்நூற்பாக்களைக் கல்லாதவரும் குரற்கூடத்தில் அமர்ந்தால் அவ்விலக்கணத்தைத் தாமே கண்டுகொள்வர். பொம்மையின் வாய் அகலத் திறந்திருக்கையில் ‘உம்’ என்று ஒலித்தால் நான்கு வயதுக் குழந்தைக்கும் அது பொய்யெனத் தோன்றும். மனிதர் நடித்த படத்தைவிடப் பொம்மைப் படம் இதில் சிறிது இரக்கம் காட்டும். அதன் வாயசைவு மூன்று நான்கு வடிவங்களுக்குள் அடங்குவது வழக்கம்.

சொல்வரிசையோ மற்றோர் இடர். ஆங்கிலம் வினையை இடையில் வைக்கும். தமிழ் வினையை இறுதியில் வைக்கும். புலி ஒன்றைக் கண்டேன் என்பதைக் கூறும் பாத்திரம் ஆங்கிலத்தில் தொடரின் முடிவிலே புலி என்று சொல்லி விரலை நீட்டும். தமிழில் அவ்விடத்தில் வருவது கண்டேன் என்னும் வினை; விரலோ புலியைச் சுட்டி நிற்கும். ஆகவே எழுதுவோர், கண்டேன் ஒரு புலியை என்று வரிசையை மாற்றுவர். இம்மாற்றம் தமிழுக்குப் புதிதன்று. பிராட்டியைக் கண்ட செய்தியை அநுமன் இராமனிடம் உரைக்குமிடத்தில் கம்பர் வினையையே முன்வைத்தார். கேட்பவன் துயர் ஒரு நொடியும் நீளலாகாது என்பது அங்குக் கருத்து. அங்கே அன்பு செய்த மாற்றத்தை இங்கே பொம்மையின் விரல் செய்கிறது.

குரல் தருவோரும் கருதத்தக்கவர். சிறுவரின் குரலை வளர்ந்த பெண்டிரே தருவது உலகெங்கும் காணப்படும் வழக்கம். சிறுவன் வளர்ந்தால் குரல் உடையும், பெண்ணின் குரலோ ஆண்டுகள் பல நிலைக்கும். டோராமோன் என்னும் இயந்திரப் பூனைக்கு ஜப்பானில் 1979ஆம் ஆண்டு முதல் 2005ஆம் ஆண்டு வரை குரல் கொடுத்தவர் நொபுயோ ஓயாமா என்னும் பெண்மணி. தமிழ்ப் பொம்மைகளுக்குக் குரல் தருவோரின் முகத்தை எவரும் அறியார். தெருவில் அவர்கள் நடந்துசென்றால் ஒரு குழந்தையும் திரும்பிப் பாராது. வாய் திறந்தால் ஊரே கூடிவிடும்.

சுட்டியில் புகழ்பெற்ற தொடர்களுள் டோரா என்னும் சிறுமியின் பயணக் கதை முதன்மையானது. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய அத்தொடரில் அச்சிறுமி ஆங்கிலம் பேசுவாள். இடையிடையே ஸ்பானியச் சொற்களைக் கற்பிப்பாள். தமிழுக்கு வந்தபோது அவளுடைய தோழனாகிய குரங்கு புஜ்ஜி என்னும் பெயர் பெற்றது. பொருள்களைக் கவர வரும் நரி, குள்ளநரி ஆயிற்று. ஏமாற்றும் நரியைப் பாட்டிமார் கதையில் முன்னமே அறிந்த குழந்தைகளுக்கு அப்பெயரை விளக்க வேண்டியதில்லை. அது கதைக்குள் நுழையும்போதே அதன் எண்ணம் அவர்களுக்குத் தெரியும்.

அத்தொடரின் தனிச்சிறப்பு வேறொன்று. டோரா தன் வழியைக் காண இயலாதவள் போல நின்று, பார்ப்பவரை நோக்கி ஒரு வினா எழுப்புவாள். பின்னர் வாய்மூடிக் காத்திருப்பாள். சில நொடிகள் எவ்வொலியும் இராது. அவ்விடத்தை மூலப்படத்தினர் குழந்தையின் விடைக்கென்றே ஒழித்து வைத்தனர். எழுத்தாளர் எழுதாத, குரல் தருவோர் பேசாத அச்சில நொடிகளில் ஆங்கிலக் குழந்தை ஆங்கிலத்தில் விடை கூறும். ஜெகதாப்பட்டினத்துக் குழந்தையோ பெட்டியின் முன் எழுந்து நின்று, பாலத்துக்குப் பக்கத்தில், மலைக்குப் பின்னால் என்று தமிழில் கூவும். குள்ளநரி வருங்கால் திருடலாகாது என்று மும்முறை அதட்டும். அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருக்கும் அப்பத்தா, “யாரை ஐயா அதட்டுகிறாய்?” என்று வினவுவாள். “நரியை, அப்பத்தா! நீயும் சொல், அப்பொழுதுதான் ஓடும்” என்பான் பேரன். அவளும் அங்கிருந்தபடியே ஒரு குரல் கொடுப்பாள். படம் ஆங்கிலத்தில் ஓடியிருந்தால் அம்மூதாட்டிக்கு அதில் இடமில்லை. அவளுக்கும் அவள் பேரனுக்கும் ஒரே நேரத்தில் விளங்கும் கதை ஒன்று பெட்டிக்குள்ளிருந்து வருவது சிறு செய்தியன்று.

அக்கதை அவ்வீட்டை வந்தடையும் வழியும் வியப்புக்குரியதே. நிலையத்திலிருந்து புறப்படும் அலை நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்குச் சென்று, மீண்டும் அவ்வளவு தொலைவு இறங்கிக் கேபிள்காரரின் பெரிய கிண்ணத்தில் விழுகிறது. மேலேறி இறங்க அதற்குக் கால் நொடியே பிடிக்கிறது. பிறகு கம்பிவழியே கம்பம் கம்பமாக, வேலி வேலியாக வீடுகளுக்குச் செல்கிறது. வானத்துப் பயணத்தில் கெடாத அலை, கடைசிக் கால் மைலில் உப்புக்காற்று அரித்த இணைப்பில் கெடுவது கடற்கரை ஊர்களில் வழக்கம். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் கரையேறியபோது புதுக்கோட்டை மாவட்டத்தில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. மின்விளக்கு இன்றியே பல ஊர்கள் பலநாள் இருந்தன. அந்நாட்களில் பொம்மைப் படமும் இல்லை.

ஏழை வீடுகளிலும் பெட்டி இருந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. 2006ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை விலையின்றி வழங்கத் தொடங்கியது. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் அரசு கேபிள் நிறுவனம் மாதம் 70 ரூபாய்க் கட்டணத்தில் சேவையைத் தொடங்கியது. அத்திட்டங்களைப் பற்றி அரசியலார் பலவாறு வழக்காடினர். குழந்தைகள் அவ்வழக்கில் கலந்துகொள்ளாமல் பெட்டியின் முன் அமர்ந்துகொண்டனர்.

நெடுநேரம் அமர்ந்தனர் என்பதும் உண்மை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரைமுன் அமர்தல் கூடாதென்றும், ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் திரையே வேண்டாவென்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு அறிவுறுத்தியது. 1997ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் ஜப்பானில் போக்கிமான் தொடரின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமுமாக ஒளி விரைந்து மின்னவே, அதனைக் கண்ட குழந்தைகளுள் அறுநூற்றுக்கு மேற்பட்டோர் மயக்கமும் வலிப்புமாக மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அதன்பின் அந்நாட்டார் மின்னும் ஒளிக்கு வரம்பு கட்டினர். இந்தியாவில் 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகள், சிறுவர் நிகழ்ச்சியில் தீச்சொல்லும் கொடுங்காட்சியும் இடம்பெறலாகாது என்கின்றன. கதைக்கு நடுவே வரும் தின்பண்ட விளம்பரமே பெற்றோர்க்குப் பெருந்தொல்லை. படத்தில் நரி திருடுவதைக் கண்டு அதட்டும் குழந்தை, விளம்பரம் தன் தந்தையின் பையில் கைவிடுவதை அறிவதில்லை.

பெட்டி எப்பொழுதும் சிறுவர் வசமே இருப்பதுமில்லை. தடைக்காலம் கழிந்தபின் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லும் நாட்களில், நெடுந்தீவுப் பக்கம் படகு பிடிபட்டது என்னும் பேச்சு எழுமாயின், பெரியவர் ஒருவர் வந்து ரிமோட்டை எடுத்துச் செய்தி அலைவரிசைக்கு மாற்றிவிடுவார். எவ்வூர்ப் படகு, எத்தனை பேர் என்று எல்லோரும் திரையின் அடியில் ஓடும் எழுத்துகளைப் படிப்பர். அப்பொழுது கார்ட்டூன் வேண்டுமென்று அழும் குழந்தை அவ்வூரில் இல்லை. எழுத்துக் கூட்டத் தெரிந்த சிறுமி, பாட்டிக்காக அவ்வரியை உரக்கப் படித்துக்காட்டுவாள். கதையும் கவலையும் ஒரே பெட்டி வழியே ஒரே மொழியில் வந்து சேர்கின்றன.

அம்மொழி எத்தகைய தமிழ் என்று கேட்போரும் உண்டு. பொம்மைகள் பேசுவது பெரும்பாலும் சென்னைக் குரற்கூடத்துப் பேச்சுத் தமிழ். ஜாக்கி சானின் சாகசத் தொடர் பலநாட்டு மாயங்களையும் அரக்கரையும் பற்றியதாயினும், அதில் வரும் சீனத்து முதியவர் தமிழ்நாட்டுப் பெரியப்பா ஒருவரைப் போலவே சிடுசிடுப்பார். அதனால் சிரிப்பு வருகிறது. சிரிப்போடு சொல்லும் வருகிறது. ஆயினும் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குத் திசைதோறும் பெயர் வைத்த கரையில் வாழும் சிறுவர், பொம்மைப் படத்துக் கடலில் காற்று என்னும் ஒரு சொல்லையே கேட்கின்றனர். அக்கடலில் சுறாவும் திமிங்கிலமும் உண்டு. சூடையும் காரலும் நகரையும் இல்லை. குரலை மாற்றினோர் நாவைத் தந்தனர். கடலைத் தர அவர்களால் இயலவில்லை. இயலாது என்பதுமில்லை. 2008ஆம் ஆண்டு ஐதராபாத்தில் ராஜீவ் சிலகாவின் நிறுவனம் படைத்த சோட்டா பீம் என்னும் சிறுவன் வேட்டி கட்டி லட்டு தின்று நாடெங்கும் வென்றான். இந்நாட்டுச் சிற்றூர் ஒன்றைக் களமாக வைத்தாலும் குழந்தைகள் வருவர் என்பதை அத்தொடர் காட்டிற்று.

கேபிள் கம்பிக்கு வேறொரு பயனும் பின்னர் வந்தது. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறை கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு பெருந்தொற்று பரவிப் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடங்கள் அவ்வழியே ஒளிபரப்பாயின. விலையுயர்ந்த கைப்பேசி இல்லாத வீட்டுக் குழந்தைகளுக்குப் பழைய பெட்டி வகுப்பறையாயிற்று. ஆனால் ஆசிரியரின் படம் வினாவிவிட்டுக் காத்திருக்கவில்லை. பாடம் நில்லாமல் ஓடிற்று. டோராவிடமிருந்து ஆசிரியர்கள் கற்கவேண்டியதும் ஒன்று இருந்தது போலும்!

ஜெகதாப்பட்டினத்துக் கடலில் எவரும் தீட்டாத ஒரு பாத்திரம் இருக்கிறது. அது கடற்பசு, மீனவர் அதனை ஆவுளியா என்பர். மூன்று மீட்டர் வரை வளரும் அவ்விலங்கு மீனன்று, குட்டியீன்று பாலூட்டும், கடலடியில் படர்ந்த புல்லை மேயும், மூச்செடுக்க மேலே வரும். அதனைத் தொலைவிலிருந்து கண்ட பழங்கால மாலுமிகளே கடற்கன்னிக் கதையைக் கட்டினர் என்பர். அவ்வினம் அருகிவருவதால், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாப் பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் தமிழ்நாட்டு அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடற்பசுவுக்கென அமைந்த முதற் பாதுகாப்பகம் அதுவே. வலையில் தவறிச் சிக்கிய கடற்பசுவை விடுவிக்கும் மீனவர் அதனைக் கைப்பேசியில் படம் பிடிப்பதும் உண்டு.

அத்தகைய படம் ஒன்று கைம்மாறிக் கைம்மாறி ஒரு வீட்டை வந்தடையும் மாலையில் சிறுவர் அனைவரும் அதனைச் சூழ்ந்துகொள்வர். அதில் கதையில்லை, பாட்டில்லை. நீர் தெறிக்கும் ஓசையும், வலையை அறுப்பவர் குரலும், சாம்பல் நிற முதுகு ஒன்று புரண்டு மறைவதும் மட்டுமே உண்டு. “இன்னொரு முறை போடுங்கள், சித்தப்பா!” என்பான் ஒருவன். அவர்களுக்குப் பின்னே தொலைக்காட்சியில் பொம்மைச் சிறுமி வினா ஒன்றை எழுப்பிவிட்டு, விடைக்காகக் காத்து நிற்பாள்.